உத்தியோக வர்க்க அமைப்பும் குழு அமைப்பும்

தனியொருவனால் ஆகாத கருமங்களை முடித்தற்பொருட்டே மனிதர் நிறுவனங்களை அமைத்தனர். நிறுவனம் சிறியதாயிருக்கும்வரை அதன் உறுப்பினர் ஒருவரையொருவர் அறிவர். செய்யவேண்டியதைத் தம்முட் பேசித் தீர்மானிப்பர். அது பெருகி ஆயிரக்கணக்கானோரைக் கொள்ளும்போது, அவர்களை எவ்வாறு இணைத்துத் தொழிற்படுத்துவது என்னும் வினா எழுகின்றது. இதற்குக் காணப்பட்ட விடைகளுட் பிரதானமானவை இரண்டு. ஒன்று உத்தியோக வர்க்க அமைப்பு. மற்றையது குழு அமைப்பு.

முன்னையதன் இயல்பை விரிவாக ஆராய்ந்தவர் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் (1864–1920). மேலோர் கீழோர் என்னும் படிவரிசை, எழுதப்பட்ட விதிகள், வரையறுத்த கடமைகள், தகுதி நோக்கிய நியமனம், ஆவணங்களைப் பேணுதல் என்பன அதன் இலக்கணங்கள் என அவர் வகுத்தார். ஆள் பார்த்து நீதி வழங்காமை அதன் பெருஞ் சிறப்பு. பரீட்சகர் மாணவனின் பெயரறியாது, யாவர்க்கும் ஒரே விதிப்படி புள்ளி வழங்குதல் அதன் பயனேயாம்.

ஆயின், கணந்தோறும் நிலைமை மாறும் தொழில்களில் இவ்வமைப்பு இடர்ப்படுகின்றது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்கள் இதற்குத் தக்க சான்றாகும். முற்காலத்தில் அங்கு இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழுக்கள், கரியை வெட்டுதல் முதல் ஏற்றுதல் ஈறாக அனைத்தையும் தாமே செய்தன. கூட்டாளியைத் தொழிலாளரே தெரிந்தெடுத்தனர். ஒருவன் விபத்தில் இறப்பின், அவன் குடும்பத்தைக் கூட்டாளி பராமரித்தலும் அரிதன்று.

இயந்திரங்கள் வந்தபின், ஒரே நீண்ட சுவராகக் கரியை வெட்டியெடுக்கும் முறை புகுந்தது. ஏறத்தாழ 40 பேர் மூன்று வேலைநேரங்களுக்குப் பிரிக்கப்பட்டனர். முதல்வந்தோர் கரியை அறுத்தனர். அடுத்துவந்தோர் கரி கடத்தும் பட்டியை இடம் மாற்றினர். இறுதியில் வந்தோர் கரியை வாரி ஏற்றினர். முந்தியோர் விட்ட பிழையைப் பிந்தியோர் இருளிற் சுமந்தனர். குற்றத்தை ஒருவர்மேல் ஒருவர் ஏற்றினர். வேலைக்கு வராமை மலிந்தது. தவிஸ்ரொக் நிறுவனத்தைச் சார்ந்த எரிக் திரிஸ்ற், முன்னர்ச் சுரங்கத் தொழிலாளியாயிருந்த கென் பாம்போத் ஆகிய இருவரும் இதனை ஆராய்ந்து 1951இல் வெளியிட்டனர்.

இதற்கு இயந்திரத்தைப் பழித்தல் பொருந்துமா? பொருந்தாது. பின்னர் டர்ஹாம் பகுதிச் சுரங்கங்களில் திரிஸ்ற் முதலியோர் நிகழ்த்திய ஆய்வு 1963இல் நூலாக வெளிவந்தது. அதே நீண்ட சுவர் முறையில் வேலைசெய்த சிலவிடங்களில், தொழிலாளர் பலவகை வேலைகளையும் பயின்று, அவற்றைத் தமக்குள் பகிர்ந்து, பொதுக்கூலி பெற்றனர். முந்தியோர் குறைவிட்டதைப் பிந்தியோர் தொடர்ந்து முடித்தனர். அங்கு உற்பத்தி உயர்ந்தது, வராமை குறைந்தது. இயந்திரம் ஒன்றாயினும் அமைப்பும் ஒன்றாக வேண்டியதில்லை என்பது புலனாயிற்று.

குழு அமைப்பும் குறையற்றதன்று. கூட்டாளியைத் தெரிந்தெடுக்கும் உரிமை, வேண்டாதவனை விலக்கும் உரிமையுமாகும். தம்மவர் தவற்றை மறைக்கும் குழுக்களும் உள. ஆதலின், எது உயர்ந்தது என வினவுதலிலும், எவ்வேலைக்கு எது பொருந்தும் என வினவுதலே முறை. யாவர்க்கும் ஒரே நீதி வேண்டுமிடத்து விதி ஆளல் வேண்டும். முன்னறிய முடியாத இடர் நேருமிடத்து, அதனைக் கண்முன் காண்போரே தீர்மானித்தல் வேண்டும். பெருநிறுவனம் இவ்விரண்டையும் தன்னகத்தே கொள்ளல் கூடும். ஆனால், வேலையைக் கூறுபடுத்துங்கால், வேலைசெய்வோரிடையே உள்ள பொறுப்புணர்ச்சியையும் கூறுபடுத்திவிடின், அதனை எவ்விதி நூலாலும் மீட்டல் அரிது. இதுவே அச்சுரங்கங்கள் புகட்டும் பாடமாகும்.