இரத்தப் பரிசோதனையும் கம்மிய குரலும்

எங்கள் மஹல்லாவின் மோதினார் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். வளைகுடாவில் பணிபுரியும் மகன் பணம் அனுப்பி, முழு உடற்பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருந்தான். அதில் ஸி.இ.ஏ. என்பதற்கு எதிரே 7 என அச்சிட்டு, நட்சத்திரக் குறியும் இட்டிருந்தார்கள்.

"ஹஜ்ரத், இது புற்றுநோயைக் காட்டும் கணக்காமே?" என்றார். கை நடுங்கியது.

ஸி.இ.ஏ. ஒருவகைப் புரதம். 1965ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியல் நகரில் கோல்ட், ஃபிரீட்மன் என்னும் ஆய்வாளர்கள் பெருங்குடல் புற்றுக்கட்டியில் இதைக் கண்டறிந்தனர். தொண்டைப் புற்றுநோயாளர் சிலருக்கும் இது உயர்வதுண்டு. ஆனால் புகைபிடிப்போருக்கும் ஈரல் நோயாளருக்கும் புற்று இல்லாமலேயே இது ஏறும். நோய் தொடங்கும் காலத்திலோ இவ்வெண் ஒழுங்காகவே இருந்துவிடக் கூடும். ஆகவே இதைக் கொண்டு தொண்டையில் புற்று உண்டென்றோ இல்லையென்றோ தீர்ப்பளிக்க இயலாது.

மூக்கின் பின்புறத் தொண்டையில் தோன்றும் புற்று மட்டும் சற்றே விலக்கு. அதனோடு எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸ் தொடர்புடையது. ஹாங்காங்கில் ஏறத்தாழ 20,000 ஆண்களின் இரத்தத்தில் அவ்வைரஸின் மரபணுத் துணுக்குகளைத் தேடினார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில், இருமுறை சோதித்தும் அவை தென்பட்டவர்கள் 309 பேர். நோய் கண்டறியப்பட்டதோ 34 பேருக்கே. அங்கும் இரத்தத்தோடு நின்றுவிடவில்லை. மூக்கின் வழியே கருவியைச் செலுத்திப் பார்த்தார்கள்.

நாங்கள் சென்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "பீடி பழக்கம் உண்டா? குரல் எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?" என்றே கேட்டார். பீடி முப்பது ஆண்டுகளாக உண்டு. குரல் கம்மி இரண்டு மாதங்களுக்கு மேலாகியிருந்தது. மூன்று வாரத்திற்கு மேல் கம்மல் நீடித்தால் குரல்வளையைப் பார்த்தாக வேண்டுமாம். கழுத்துக் கட்டியும், விழுங்கும்போது வலியும், ஆறாத ஒருபக்கக் காதுவலியும் அவ்வாறே.

அந்த இரண்டு மாதமும் நாள்தோறும் ஐந்து வேளை, கம்மிய குரலில் பாங்கு ஒலித்ததை ஊரே கேட்டது. நானும் கேட்டேன். பனிக்காலம் என்றெண்ணிச் சுக்குக் கஷாயம் குடிக்கச் சொன்னேன்.

மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்த்தபோது இடப்பக்கக் குரல் நாணில் சிறு தடிப்பு தென்பட்டது. அதில் ஒரு துணுக்கை எடுத்து ஆய்ந்த பிறகே புற்று என உறுதியாயிற்று. ஆரம்ப நிலைதான்; ஆறு வாரம் கதிர்ச் சிகிச்சை நடந்தது. அந்த 7 புற்றினால் ஏறியதா, பீடியினால் ஏறியதா என்பதை மருத்துவரும் பிரித்துச் சொல்லவில்லை.

பீடியை விட்டுவிட்டார். இப்போது பாங்கு சொல்பவன் அவருடைய தம்பி மகன். அருகில் நின்று, அவன் நீட்ட வேண்டிய இடத்தைக் கையசைத்துக் காட்டுகிறார்.