வேரின் வாசலில் பங்காளிகள்

ஒரு தனிமம் அட்டவணையில் எந்த ஸ்தானத்தில் அமர்ந்திருக்கிறதோ, அந்த ஸ்தானமே அதன் சுபாவத்தைச் சொல்லிவிடும் என்பது 1869-ஆம் ஆண்டில் மெண்டலீவ் வகுத்த ஆவர்த்தன அட்டவணையின் சாரம். அதன் சரித்திரத்தை வாசகர்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பார்களாகையால், அதை மறுபடியும் விஸ்தரித்து அவர்களுடைய பொறுமையைச் சோதிக்க எனக்கு விருப்பமில்லை. நான் சொல்ல வந்தது, அந்தச் சித்தாந்தத்தை ஏடும் எழுத்தாணியும் இல்லாமல், திருவையாற்றிலிருந்து வேதாரண்யம் வரையிலுள்ள வயல்களில் போகந்தோறும் நெல்லின் வேர் எப்படிப் பிரயோகித்துவருகிறது என்பதும், அப்படிப் பிரயோகிக்கையில் அது எங்கே ஏமாந்துபோகிறது என்பதும், அந்த ஏமாற்றத்துக்கு இப்பொழுது நாமே லாரி லாரியாக வழி செய்துகொண்டிருக்கிறோம் என்பதும்தான்.

அட்டவணையில் ஒரே செங்குத்துத் தொகுதியில் நிற்கும் தனிமங்களைத் தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்வதானால், பங்காளிகள் எனலாம். வெளிச்சுற்றிலுள்ள எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை அவர்களுக்கு ஒன்றாயிருப்பதால், யாரோடு சேருவது, எதைக் கொடுப்பது, எதை வாங்குவது என்ற விவகாரங்களில் அநேகமாக ஒரே போக்கு; கீழே போகப்போக உடம்பு மட்டும் பெருத்துக்கொண்டு போகும். அந்நியன் வந்தால் திண்ணையிலேயே நிறுத்திவிடலாம். பங்காளியை அப்படி நிறுத்த முடியாது. அவன் கூடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகல்லவா வழக்கு ஆரம்பமாகிறது?

முதல் தொகுதியைப் பார்ப்போம். சோடியத்துக்கு அணு எண் 11. அதற்கு நேர் கீழே 19-ஆம் எண்ணோடு பொட்டாசியம். இரண்டும் வெளிச்சுற்றில் ஒற்றை எலெக்ட்ரானை வைத்துக்கொண்டு, கிடைத்த முதல் சந்தர்ப்பத்தில் அதைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு நேர்மின்னேற்றத்தோடு நீரில் திரிபவை. பொட்டாசியத்துக்குக் கீழே உள்ள ருபிடியமோ அதனுடன் எவ்வளவு நெருங்கியது என்றால், 1950-களில் வேர்கள் பொட்டாசியத்தை உறிஞ்சும் வேகத்தை அளக்கப் புகுந்த ஆய்வாளர்கள் கதிரியக்கமுள்ள ருபிடியத்தைப் பார்லி வேருக்குக் கொடுத்து, அது போன பாதையைக் கொண்டே பொட்டாசியத்தின் பாதையைக் கணித்தார்கள். வேர் பேதம் பாராட்டவில்லை. சோடியம் அத்தனை நெருக்கமில்லை, உருவத்தில் சிறியது. ஆகையால் சாதாரண காலத்தில் வேர் அதை ஓரளவு அடையாளம் கண்டு ஒதுக்குகிறது. ஆனால் வெளியே சோடியம் பெருங்கூட்டமாகத் திரண்டு, பொட்டாசியம் அருகிப்போய்விட்டால், பொட்டாசியத்துக்கென்று ஏற்பட்ட வழிகளிலேயே சோடியம் புகுந்துவிடுகிறது. புகுந்த பின்போ பொட்டாசியம் செய்யும் காரியத்தைச் செய்ய அதற்குத் தெரியவில்லை. நொதிகள் முடங்குகின்றன, இலை நுனி வெளுத்துக் கருகுகிறது, கதிர் பால் பிடிக்காமல் பதராகிறது.

கடைமடைக் குடியானவனுக்கு இதை யாரும் போதிக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதியே திறந்துவிட்டாலும், வெண்ணாற்றின் கிளைகளில் பிரிந்து பிரிந்து மெலிந்து வரும் நீர் தலைஞாயிற்றுப் பக்கம் எட்டுவதற்குள் மனம் சலித்துவிடும். ஆற்றின் வேகம் குறைந்த இடத்தில் கடல் முன்னேறும் என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி ஏறி நாகப்பட்டினக் கடற்கரை வயல்களில் உப்பைக் கொட்டிவிட்டுப் போனபோது, மழைநீரைத் தேக்கி வடித்தும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும், ஜிப்சம் இட்டும் நிலத்தை மீட்டார்கள். களர் நிலத்தில் ஜிப்சம் செய்யும் வேலையும் அட்டவணையின் வேலையே: அதிலுள்ள கால்சியம் இரண்டாவது தொகுதியைச் சேர்ந்தது, இரண்டு மின்னேற்றம் உடையது, ஆகவே களிமண் துகளைச் சோடியத்தைக் காட்டிலும் உறுதியாகப் பற்றிக்கொண்டு சோடியத்தை வெளியேற்றுகிறது. வெளியேறியது போய்ச்சேர வடிகால் இல்லையென்றால், ஜிப்சம் மூட்டைக்குக் கொடுத்த காசு தெண்டம்.

இனிப் பதினான்காவது தொகுதிக்கு வருகிறேன்; இந்தக் கட்டுரையை எழுத என்னை இழுத்துக்கொண்டு போனதே அதுதான். நெல்லின் இலையோரத்தை நுனியிலிருந்து அடிநோக்கி விரலால் தடவினால் தோல் கிழிந்து ரத்தம் துளிர்க்கும். களத்தில் தூற்றுகிறவர்களின் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஒட்டிக்கொள்ளும் சுனை, வாய்க்காலில் முங்கி எழுந்தாலொழிய அடங்காது. அந்தக் கூர்மையெல்லாம் சிலிக்கா. மண்ணில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை நெல்லைப் போல் ஆவலாக உறிஞ்சும் பயிர்கள் சிலவே. காய்ந்த பயிரின் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை சிலிக்கான் சேர்ந்துவிடுவதுண்டு. பயிர் சாயாமல் நிற்பதும், இலை நிமிர்ந்து வெயிலை வாங்குவதும், குலைநோய் எளிதில் தொற்றாமல் தடுப்பதும் இந்தச் சிலிக்காவின் உபகாரம்.

சிலிக்கானுக்கு நேர் கீழே, 32-ஆம் எண்ணில் இருப்பது ஜெர்மானியம். நெல்லுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆயினும் நாற்று நிற்கும் நீரில் அதைக் கலந்தால் வேர் சிலிக்கான் என்று எண்ணி உறிஞ்சிக்கொள்ள, சில தினங்களில் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் விழுகின்றன. இந்த ஏமாளித்தனத்தையே ஜப்பானிய ஆய்வாளர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். மரபணுவில் மாறுதல் உண்டாக்கிய நாற்றுகள் பலவற்றை ஜெர்மானியக் கரைசலில் வளர்த்து, மற்றவையெல்லாம் புள்ளி விழுந்து நிற்க எது மாத்திரம் பச்சை மாறாமல் நின்றதோ அதைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மானியம் நுழையாத வேரில் சிலிக்கானும் சரியாக நுழையவில்லை என்று கண்டார்கள். அந்த நாற்றின் குறையைத் துருவிக்கொண்டே போய், சிலிக்கான் உட்புகும் வாசலாக வேரில் அமைந்த புரதத்தை 2006-ஆம் ஆண்டில் அடையாளம் கண்டு வெளியிட்டார்கள். அட்டவணையில் ஒரு கட்டம் கீழே இறங்கிப் பார்த்ததற்குக் கிடைத்த பலன் இது!

அந்த வாசல் வழியே இன்னொருவனும் வருகிறான். ஆர்செனிக்குக்கு எண் 33; பதினைந்தாவது தொகுதியில் பாஸ்பரஸுக்கு நேர் கீழே இடம். காற்றோட்டமுள்ள மண்ணில் அது தன் பங்காளியாகிய பாஸ்பரஸின் வேஷத்தில், பாஸ்பேட்டு புகும் வழியாகப் பயிருக்குள் போகிறது. தண்ணீர் கட்டிய வயலில் பிராணவாயு தீர்ந்ததும் அதன் ரூபம் மாறி, சிலிசிக் அமிலத்தைப் போலவே மின்னேற்றமில்லாத சிறு மூலக்கூறாகி, சிலிக்கானின் வாசலில் நுழைந்துவிடுகிறது. அட்டவணையைக் கண்ணால் பார்த்தால், ஆர்செனிக் சிலிக்கானுக்கு ஒரு படி கீழும் ஒரு படி வலமுமாக, குறுக்கே இருக்கிறது. வங்காளத்துக் கங்கைப் படுகையில் குழாய்க் கிணற்று நீரோடு வந்து லட்சக்கணக்கானோரை வாட்டிய இந்த விஷம், காவிரிப் படுகையில் அப்படிப் பெயரெடுத்ததில்லை. அந்தப் பாக்கியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாசல் ஒன்றுதான்; அங்குள்ள நெல்லுக்கும் இங்குள்ள நெல்லுக்கும் வேர் வேறல்ல.

தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் கட்டினால், அதாவது காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பார்த்தால், ஆர்செனிக் அடங்கும். உடனே பன்னிரண்டாவது தொகுதி தலைதூக்கும்: துத்தநாகத்துக்கு நேர் கீழே இருக்கும் காட்மியம், நீர் தேங்கிய மண்ணில் கந்தகத்தோடு கட்டுண்டு கிடந்தது, வயல் காய்ந்ததும் விடுபட்டுப் பயிருக்குள் செல்லும். ஜப்பானில் ஜின்சு நதிக்கரையில் துத்தநாகச் சுரங்கத்துக் கழிவு கலந்த நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் கண்டதும், 1968-இல் அந்நாட்டு அரசாங்கமே காட்மியத்தின் விளைவு அது என்று ஒப்புக்கொண்டதும் உலகம் அறிந்த செய்தி. நம் பக்கத்தில் நடவுக்குச் சற்று முன் ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவச் சொல்வது துத்தநாகக் குறையைப் போக்குவதற்காக என்றாலும், உரிமையுள்ளவன் வீட்டில் நிறைந்திருந்தால் பங்காளிக்கு இடம் குறையும் என்ற நியாயம் அதிலும் உண்டு.

என் கவலை இந்த நியாயத்திலிருந்துதான் பிறக்கிறது. அறுவடை இயந்திரம் சம்பா வயலை விட்டு நகர்ந்ததும், அதன் சூடு ஆறுமுன்பே கட்டு கட்டும் இயந்திரம் வந்துவிடுகிறது. வைக்கோல் உருளை உருளையாகச் சுருட்டப்பட்டு, லாரியேறி, கேரளம் வரையில் பயணப்படுகிறது. ஒரு டன் வைக்கோலில் 14 முதல் 20 கிலோ வரை சாம்பல் சத்தும், 40 முதல் 70 கிலோ வரை சிலிக்கானும் அடக்கம். ஹெக்டேருக்கு ஐந்து டன் என்று வைத்துக்கொண்டால், ஒரே போகத்தில் 70 கிலோவுக்குக் குறையாத சாம்பல் சத்து ஊரைவிட்டுப் போகிறது. பொட்டாஷ் உரமாக நாம் திருப்பிப் போடும்படி சிபாரிசு செய்யப்படுவதோ ஏறத்தாழ 50 கிலோ, அதுவும் அநேகமாக முழுவதும் அயல்நாட்டிலிருந்து கப்பலேறி வரும் சரக்கு. சிலிக்கானைத் திருப்பிப் போடுவதாக யாரும் பேசுவதுகூட இல்லை. முற்காலத்தில் வைக்கோல் போர் வீட்டுக் கொல்லையில் இருந்தது. மாடு தின்றது சாணமாகவும், மழையில் நனைந்து பழுப்பு நீராக வடிந்தது பொட்டாசியமாகவும், ஏதோ ஒரு வழியில் அதே ஊர் மண்ணுக்கே சேர்ந்தது. இன்று சோடியத்தை எதிர்த்து நிற்க வேண்டிய பொட்டாசியத்தையும், ஆர்செனிக்கின் வாசலை அடைத்து நிற்க வேண்டிய சிலிக்கானையும், கடைமடையில் உப்பு ஏறிவரும் இந்தக் காலத்திலா நாம் விலைபேசி அனுப்புவது?

வைக்கோலை வயலிலேயே விட்டால் தேங்கிய நீரில் அழுகி மீத்தேன் கிளம்பும், தழைச்சத்தைத் தற்காலிகமாக விழுங்கும், மேலும் அறுவடை வாடகைக்கு வைக்கோல் விற்ற காசு உதவுகிறது என்பார்கள், அதிலும் உண்மையுண்டு. குறுவைக்கும் தாளடிக்கும் இடையில் அது மக்க அவகாசமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சம்பா அறுவடைக்குப் பின்னர் மாதக்கணக்கில் நிலம் சும்மா கிடக்கும் இடங்களில் அந்தச் சாக்கு செல்லாது. உளுந்தும் பயறும் தெளித்த வயலில் மாத்திரம் முளையை வைக்கோல் மூடிவிடுமே என்ற சங்கடம் உண்டு.

வைக்கோலை விற்றுத்தான் தீர வேண்டும் என்கிறவர்களுக்கு உமி இருக்கிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. புழுங்கல் ஆலைகளில் அதை எரித்தே நெல்லை அவிக்கிறார்கள். மிஞ்சும் சாம்பலில் பெரும்பாகம் சிலிக்கா. ஆனால் 700, 800 டிகிரிக்கு மேல் எரிந்த சாம்பலில் சிலிக்கா படிகமாக இறுகிப்போய் நீரில் எளிதில் கரையாதாகையால், ஆலைச் சாம்பலை வண்டியில் ஏற்றுமுன் அது எப்படி எரிந்தது என்று விசாரித்துக்கொள்வது உத்தமம். மூட்டம் போட்டு மெல்லக் கனியவிட்ட உமிக்கரியாயிருந்தால், விசாரணையின்றி நாற்றங்காலிலேயே தூவிவிடலாம்.