அடைத்த பல் படும் பாடு

"பல் போனால் சொல் போச்சு" என்பது முன்னோர் வாக்கு. சொத்தைப் பல்லைப் பிடுங்கி எறியாமல் அடைத்துக் காப்பாற்றும் வழி இருப்பதால் இன்று பலருடைய சொல் தப்பிப் பிழைக்கிறது. ஆனால் அடைத்த பல்லைப் பழைய பல்லாகவே எண்ணிக்கொண்டு நாம் முறுக்கையும் சீடையையும் கடிக்கிறோம். அந்தப் பல் என்னென்ன தொல்லைகளைத் தாங்குகிறது என்பதைச் சற்றே பார்ப்போம்.

முதல் தொல்லை வெப்பம். கொல்லர் வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, சூட்டினால் உலோகம் விரியும் என்பதும், ஆறினால் சுருங்கி இறுகும் என்பதும் தெரியும். பல்லும் விரிகிறது, அடைப்பும் விரிகிறது. ஆனால் ஒரே அளவில் அல்ல. பல்லின் மேல்பூச்சாகிய எனாமல் ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்து இலட்சத்தில் சுமார் 11 பங்கு விரிகிறது. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றைப் பாதரசத்துடன் குழைத்துச் செய்யும் 'வெள்ளி அடைப்பு' சுமார் 25 பங்கு விரிகிறது. பல் நிறத்திலுள்ள பிசின் அடைப்புகளில் சில இதைவிடவும் அதிகம் விரியும். தங்கம் ஏறத்தாழ 14 பங்குதான். அது பல்லோடு ஒத்துப்போகிறது, அதன் விலைதான் நம்மோடு ஒத்துப்போவதில்லை!

ஒரு சிறு கணக்குப் போடுவோம். அடைப்பின் அகலம் 4 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஐஸ் தின்ற வாயில் 5 டிகிரி. பிறகு பருகும் காப்பியில் 55 டிகிரி. இந்த 50 டிகிரி மாற்றத்தில் வெள்ளி அடைப்பு 5 மைக்ரான் விரியும். அதே அகலமுள்ள எனாமல் சுமார் 2 மைக்ரானே விரியும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு வாய்க் காப்பியில் பல் முழுவதும் அவ்வளவு சூடேறிவிடாது என்பது உண்மையே. ஆயினும் மூன்று மைக்ரான் இடைவெளியை அற்பமென்று தள்ளிவிட முடியாது. சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியாவின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு மைக்ரான்தான்.

இதை 1952ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான நெல்சன், வால்காட், பாஃபென்பார்கர் ஆகிய மூவரும் எடுத்துக்காட்டினர். அடைத்த பல்லைக் குளிர்வித்துப் பின்பு சூடாக்கினால், அடைப்பின் ஓரத்தில் நீர்த்துளிகள் கசிந்து நிற்கும். குளிரில் அடைப்பு சுருங்கி ஈரத்தை உள்ளே இழுக்கிறது. சூட்டில் விரிந்து வெளியே தள்ளுகிறது. வெள்ளி அடைப்பில் மட்டும் ஒரு விந்தை உண்டு: நாளடைவில் அது அரிக்கப்படும்போது உண்டாகும் பொருள்களே அந்த இடைவெளியை அடைத்துவிடுகின்றன. பாதரசத்தை முன்னிட்டு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 ஜனவரி முதல், தவிர்க்க முடியாத மருத்துவத் தேவைக்கன்றி, இவ்வடைப்பை இடுவதில்லை.

இரண்டாவது தொல்லை மெல்லும் விசை. நம் பார்வையில் இதுவே பெரியது. கடைவாய்ப் பற்களை முழு வலுவுடன் கடித்தால் 50 முதல் 70 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் உண்டாகக்கூடும். சாதாரணமாக மெல்லும்போது இதில் சிறு பங்கே செலவாகிறது. சோற்றிலுள்ள ஒரு கல் அகப்பட்டாலோ, வந்த விசையெல்லாம் ஒரே முகட்டின்மேல் இறங்குகிறது. முழுப் பல்லில் அம்முகடுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். சொத்தையைக் குடையும்போது நடுவிலுள்ள பாலம் போய்விடுகிறது. இருபுறமும் தனித்து நிற்கும் சுவர்களாகின்றன. பல்லோடு ஒட்டாத வெள்ளி அடைப்பு அவற்றைப் பிணைப்பதில்லை. விறகில் இறக்கிய ஆப்பைப் போல விலக்கவும் செய்யலாம். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 1989இல் வெளியிட்ட அளவீடு வியப்பூட்டுவது. வேர்ச் சிகிச்சை மட்டும் பல்லின் விறைப்பைச் சுமார் 5 சதவீதமே குறைத்தது. முன்னும் பின்னும் ஓரச்சுவர்களை வெட்டிய பெருங்குழியோ 63 சதவீதம் குறைத்தது!

பிசின் அடைப்பு பல்லோடு ஒட்டிக்கொள்வதால் சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கும். இதற்கு வழிகாட்டியவர் பியூனகோர். எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கும் முறையை அவர் 1955இல் வெளியிட்டார். ஆனால் அது இறுகும்போது தானும் சுருங்கிச் சுவர்களை உள்ளே இழுக்கும் என்பதால், மருத்துவர் சிறிது சிறிதாக வைத்து இறுகச் செய்கிறார். குழி மிகப் பெரிதானால் முகடுகளையும் சேர்த்து மூடும் உறை போடச் சொல்வதும் இதனாலேயே.

வெள்ளி அடைப்பு முழு உறுதி பெற ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். அதுவரை அப்பக்கம் மெல்லலாகாது. ஐஸ்கட்டியைக் கடித்து நொறுக்கும் வழக்கமுள்ள மாணவியர் அதை விட்டுவிடுதல் நலம். குளிரும் விசையும் அங்கே ஒருங்கே சேருகின்றன. கடிக்கும்போதும், குறிப்பாகக் கடியைத் தளர்த்தும் நொடியிலும் சுருக்கென்று வலித்தால், பல்லில் கீறல் விழுந்திருக்கக்கூடும். இத்தகைய கீறல் பல வேளைகளில் எக்ஸ்ரே படத்தில் தெரிவதில்லை. ஆகையால் எந்தப் பல்லில், எதைக் கடித்தபோது வலித்தது என்பதை நாமேதான் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.