படம் பிடிக்கும் பித்து



கிடுகு வேய்ந்த வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். கூரையில் எங்கோ ஒரு கிடுகு விலகிச் சிறு துளை விழுந்திருக்கும். உச்சி வேளையில் அதன் வழியே இறங்கும் வெயில், சாணியால் மெழுகிய நிலத்தில் வெள்ளிக்காசு போல வட்டமாகக் கிடக்கும். துளையோ கோணல்மாணலானது, நிலத்தில் விழுவதோ நேர்த்தியான வட்டம். இஃது எங்ஙனம்? அவ்வட்டம் துளையின் வடிவமன்று, சூரியனின் வடிவம். 2010ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் கங்கண சூரிய கிரகணம் தோன்றியபோது, மர நிழல்களினிடையே கிடந்த ஒளிக்காசுகள் யாவும் நடுவில் இருண்டு வளையல்களாக மாறின. வானத்தை நிமிர்ந்து பார்க்க அஞ்சியவர்களும் தரையைப் பார்த்தே கிரகணத்தைக் கண்டுகொண்டனர்.

கூரையில் துளை, தரையில் படம். கமரா என்பது அடிப்படையில் இவ்வளவே. துளையில் ஒரு கண்ணாடி வில்லையைப் பொருத்தினார்கள். தரைக்குப் பதிலாகக் கண்ணாடித் தட்டையும், பின்னர் பிலிம் சுருளையும், நம் காலத்தில் ஒளியை மின்னாக மாற்றும் சிறு தகட்டையும் வைத்தார்கள். ஏனையவை யாவும் வசதிகளே.

ஆயினும் அந்த வசதிகளின் மீதுதான் எங்களுக்கு எத்துணை மோகம்! எங்களுக்கு என்று நான் சொல்வது, படம் பிடிப்பதைத் தொழிலாகக் கொள்ளாது, ஆசை ஒன்றினாலேயே செய்துவரும் கூட்டத்தாரை. நானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனாதலால் எங்கள் குறைபாடுகளை நன்கறிவேன். இருவர் சந்தித்தால், எடுத்த படத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் எடுத்த கருவியைப் பற்றிப் பேசுவோம். கையிலுள்ள கமரா போதாது, அடுத்தது வந்தால்தான் நல்ல படம் வரும் என்ற எண்ணம் எங்களை விட்டு நீங்குவதேயில்லை. இந்த எண்ணத்தினால் நான் இழந்தது ஒன்றுண்டு. அதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

1960களின் நடுப்பகுதியில், நான் பள்ளி மாணவனாயிருந்தபோது, என் அம்மான் கொழும்பிலிருந்து ஒரு பெட்டிக் கமரா கொண்டுவந்து தந்தார். பார்வைக்கு ஒரு கறுத்த பிஸ்கற் பெட்டி போலிருக்கும். ஒரு சுருளுக்கு எட்டுப் படங்கள். எட்டையும் எண்ணி எண்ணிச் செலவழித்தேன். கோயிற் கோபுரம், கிணற்றடி வாழை, அம்மானின் புதுச் சைக்கிள் என்று பலவற்றை எடுத்தேன். என் அம்மம்மா நாள்தோறும் பிற்பகலில் விறாந்தையின் ஓரத்தில் இருந்து சுளகினால் அரிசி புடைப்பார். அந்த முகத்தை எடுக்கவேண்டும் என்ற ஆசை இல்லாமலில்லை. ஆனால் விறாந்தையில் வெளிச்சம் போதாது, இந்தப் பெட்டியால் அது முடியாது, நல்ல கமரா வாங்கிய பின் எடுக்கலாம் என்று தள்ளிவைத்தேன். நல்ல கமரா வருவதற்கு முன் அம்மம்மா போய்விட்டார்.

பிற்காலத்தில் யூலியா மாகறட் கமரன் என்ற அம்மையாரின் வரலாற்றைப் படித்தபோது, என் பிழை எங்கே என்பது விளங்கிற்று. கமரன் என்பது அவர் கணவரின் குடும்பப் பெயர். கமராவுக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. இலங்கை வரலாறு படித்தவர்கள் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவை அறிவார்கள். அக்குழுவுக்காக 1832இல் நம் நாட்டின் நீதி முறைமை பற்றிய அறிக்கையை எழுதிய சாள்ஸ் ஹே கமரனே அவர் கணவர்.

யூலியா 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1863ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், இங்கிலாந்தின் வைற் தீவில் வாழ்ந்துகொண்டிருந்த அவருக்கு, மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாக அளித்தனர். தனிமையிற் பொழுது போகட்டும் என்பது அவர்கள் எண்ணம். அப்போது அவருக்கு வயது 48. அம்மையாரோ நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டைப் படமெடுக்கும் கூடமாக்கினார். கோழிகளுக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அக்காலத்தில் படமெடுத்தல் பொத்தானை அமுக்கும் வேலையன்று. ஒரு கண்ணாடித் தட்டின் மீது கொலோடியன் என்னும் பசைத் திரவத்தை ஒரே சீராகப் பரவவிடவேண்டும். இருட்டறையில் அதை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தவேண்டும். ஈரம் காய்வதற்கு முன் கமராவிற் செருகிப் படமெடுத்து, அந்த ஈரத்தோடேயே இருட்டறைக்கு ஓடி உருத்துலக்கவேண்டும். ஏறக்குறையக் கால் மணி நேரத்துள் யாவும் முடிந்தாக வேண்டும். காய்ந்த தட்டு பயன்படாது. பின்னர் முட்டை வெண்கரு பூசிய கடதாசியின் மேல் அந்தக் கண்ணாடியை வைத்து வெயிலிற் பதிப்பெடுப்பார்கள். வெள்ளி நைத்திரேற்றுப் பட்ட விரல்கள் நாட்கணக்காகக் கறுத்தே கிடக்கும்.

அம்மையார் பின்னர் கையாண்ட தட்டின் அளவு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். அவர் முன் இருப்பவர் சில நிமிட நேரம் அசையாதிருக்கவேண்டும். மனிதன் சில நிமிடம் அசையாதிருத்தல் இயலுமா? மூச்சு அசைக்கும், இமை அசைக்கும். ஆகவே அவருடைய படங்களில் முகத்தின் ஓரங்கள் சற்றே கலங்கியிருக்கும். தட்டுகளில் கீறல்களும் விரலடையாளங்களும் காணப்படும். தொழில்முறைப் படப்பிடிப்பாளரும் அக்காலப் புகைப்பட ஏடுகளும் இவற்றைச் சுட்டிக்காட்டி நகைத்தனர். அவரோ, வில்லையை எந்த இடத்தில் நிறுத்துவது முறையென்று விதிக்க யாருக்கு உரிமையுண்டு என்று தம் நண்பரான விஞ்ஞானி சேர் யோன் ஹேர்ஷலுக்கு எழுதிக் கேட்டார்.

தொழில் செய்பவர் அவ்வாறு கேட்கமுடியாது. காசு கொடுப்பவருக்குத் தம் மூக்கும் சட்டைப் பொத்தானும் தெளிவாகத் தெரியவேண்டும். விரும்பிச் செய்பவருக்கோ அந்தக் கட்டுப்பாடு இல்லை. பிழை விடலாம், காத்திருக்கலாம், ஒரே முகத்தைப் பத்து முறை எடுக்கலாம். அவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணை மரியன்னையாக இருத்திப் படமெடுத்தார். அயலில் வாழ்ந்த கவிஞர் தெனிசனையும், கோடை விடுமுறைக்கு வந்த சாள்ஸ் டார்வினையும் விட்டுவைக்கவில்லை. 1867இல் முதியவரான ஹேர்ஷலைப் படமெடுக்கச் சென்றபோது, தலைமுடி ஒளிவட்டம் போலப் பரந்து நிற்கவேண்டும் என்பதற்காக அவரைத் தலை கழுவிவரச் செய்தார் என்று சொல்வர். அப்படத்தைப் பாருங்கள். பின்புலம் முழுதும் இருள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி. அவ்வொளியில் நெற்றியின் சுருக்கமும் நனைந்தன போன்ற கண்களும். ஒரு வாழ்நாள் முழுவதும் வானத்தை ஆராய்ந்தவர் அவர் என்பதைச் சொல்லாமலே உணரலாம்.

1875இல் கமரன் குடும்பம் இலங்கைக்கு வந்தது. சாள்ஸ் கமரனுக்கு இங்கே தோட்டங்கள் இருந்தன. கோப்பிச் செடியை நோய் தின்றுகொண்டிருந்த காலம் அது. கப்பலில் வந்த சாமான்களுள் இருவருக்குமான சவப்பெட்டிகளும் இருந்தனவாம். அவற்றுள் பீங்கான் சாமான்களை அடுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பது கதை. களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்த அந்த ஆண்டுகளில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. கொலோடியனில் உள்ள ஈதர் வெப்பத்தில் விரைந்து ஆவியாகிவிடும். நம் நாட்டு வெயிலில் அந்தக் கால் மணி நேரமும் எவ்வளவாகக் குறுகியிருக்கும் என்பதை எண்ணிப்பாருங்கள். ஆயினும் களுத்துறைக் குடியானவர் சிலரை அவர் எடுத்த படம் இருக்கிறது. கவிஞரையும் விஞ்ஞானியையும் எடுத்த அதே பொறுமையோடு அவர்களையும் எடுத்திருக்கிறார். அவர்களின் பெயர்களைத்தான் எழுதிவைக்கவில்லை. 1879 ஜனவரி 26இல் டிக்கோயாவில் அவர் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்து மயானத்தில் கணவரும் அவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர்.

இனி என் அம்மம்மாவின் விறாந்தைக்கு வருவோம். அங்கே ஒளி போதாது என்று நான் எண்ணினேன் அல்லவா? கணக்கைப் பாருங்கள். சாதாரண நூறாம் வேகப் பிலிமுக்கு, நல்ல வெயிலில், வில்லையின் துவார எண்ணை 16இல் வைத்து, ஒரு செக்கனில் 125இல் ஒரு பங்கு நேரம் கதவைத் திறந்தாற் போதும். 16இலிருந்து 11, 11இலிருந்து 8, 8இலிருந்து 5.6 என்று துவாரத்தை அகட்டும் ஒவ்வொரு படிக்கும் உள்ளே செல்லும் ஒளி இருமடங்காகும். முற்றத்தைப் பார்த்த விறாந்தையின் ஓரத்தில், வெயிலைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு ஒளியே இருக்கும். அதாவது மூன்று படி. நம் கண்மணி தானே விரிந்து சுருங்குவதால் இந்த வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை. துவாரத்தை அகட்ட இயலாத கமராவானால், கதவைக் கூடிய நேரம் திறந்து வைத்து அந்தக் குறையை ஈடுசெய்யலாம். என் பெட்டிக் கமராவிலும் விரும்பிய நேரம் கதவைத் திறந்துவைக்க ஒரு சிறு நெம்பு இருந்தது. கமராவை ஒரு முக்காலியில் வைத்து, அம்மம்மாவை ஒரு கணம் சுளகை நிறுத்தச் சொல்லியிருந்தாற் போதும்.

மேலும், அந்த விறாந்தை ஒளியே முகத்துக்கு உகந்தது. உச்சி வெயிலில் நிறுத்தினால் கண்குழி கறுத்துவிடும், ஆளும் முகத்தைச் சுளிப்பார். விறாந்தையின் ஓரத்தில் முகத்தை முற்றத்துப் பக்கம் சற்றுத் திருப்பி இருத்துங்கள். ஒளி பக்கவாட்டில் வந்து நெற்றியிலிருந்து கன்னத்துக்கு மெல்ல இறங்கும். நிழற்பக்கம் மிகவும் கறுத்தால், யாரையேனும் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அம்மையார் கோழிக்கூட்டின் கண்ணாடி வழியே தேடிய ஒளி எங்கள் வீடுகளில் நாள்தோறும் வந்து போய்க்கொண்டிருந்தது.

நல்ல படங்களைப் பார்த்துப் பழகுவதற்கும் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கொழும்பில் 1900இல் பிறந்த லயனல் வென்ற் என்பாரும் ஆசையாற் படமெடுத்தவரே. படித்தது சட்டம், பயின்றது பியானோ. 1934இல் வெளிவந்த இலங்கை பற்றிய பசில் றைற்றின் திரைப்படத்துக்குப் பின்னணியில் உரைத்தவர் அவர். 1943இல் ஓவியர் குழு ஒன்று உருவாவதற்கும் முன்னின்றார். மீனவர், உழவர், வயல், சிதைந்த சிலை என்று நம் நாட்டின் அன்றாடப் பொருள்களையே எடுத்தார். எடுத்ததோடு நில்லாது, இருட்டறையில் ஒவ்வொரு பதிப்பையும் ஒரு சுரம் போலத் தீட்டினார். 1944இல் அவர் மறைந்தபின் நெகட்டிவ்கள் அழிந்துபோயின. அவர் கையாற் பதித்த படங்கள் எஞ்சியதனாலேயே 1950இல் அவை நூலாக வந்தன.

பதிப்பின் அருமையை நானும் அனுபவத்தால் அறிந்தேன். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் புறப்பட்ட இரவில், அம்மா ஒரு பையில் காணி உறுதிகளையும் அல்பத்தையும் வைத்துக்கொண்டார். நான் ஆசைப்பட்டு, காசு சேர்த்து வாங்கிய நல்ல கமராவும் நெகட்டிவ் பெட்டியும் வீட்டிலேயே தங்கிவிட்டன. திரும்பிச் சென்றபோது அவை இல்லை.

அந்த அல்பத்தில், பெட்டிக் கமராவில் எடுத்த அம்மானின் சைக்கிள் படம் இருக்கிறது. பல ஆண்டுகளாக அதைச் சைக்கிள் படமென்றே கருதிவந்தேன். ஒருநாள் என் மகள்தான் காட்டினாள்: வலது ஓரத்தில், விறாந்தை விளிம்பில், பாதி வெட்டுண்டு ஒரு கை, அக்கையில் ஒரு சுளகு. முகம் இல்லை. இன்று வீட்டிற்கு வீடு கைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் கிடக்கின்றன. அவற்றுட் சிலவற்றையேனும் கடதாசியிற் பதித்து, பின்புறத்தில் யார், எங்கே, எப்போது என்று பென்சிலால் எழுதிவைக்கும்படி என்னிடம் வரும் இளைஞர்களுக்குச் சொல்வதுண்டு. சைக்கிள் படத்தின் பின்புறத்தில் நானும் எழுதிவைத்திருக்கிறேன்: அம்மம்மாவின் கை, பிற்பகல், எங்கள் விறாந்தை.