உஷார்! ஒரு கேபிள் கழன்றால் கணினியே விழும்

நில்லுங்கள். அந்த யூஎஸ்பி கேபிளைப் பிடுங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். டிரைவர் எழுதிப் பழகுகிற பிள்ளைகளா? அப்படியென்றால் கேபிளில் கை வைக்காவிட்டாலும் படியுங்கள். நீங்கள் பிடுங்கத் தேவையில்லை, அது தானாகவே கழன்றுகொள்ளும்.

ஜவ்வாது மலையில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கல்லூரி மாணவர். வானத்தைப் படம் எடுப்பதென்றால் அவருக்கு உயிர். ஆலங்காயம் தாண்டி மேலே ஏறினால் ஊர் வெளிச்சம் குறையும் என்று தொலைநோக்கி, கேமரா, லேப்டாப், பேட்டரி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு நண்பர்களோடு போனார். கேமராவுக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் சக்கரத்தைத் திருப்ப ஒரு சின்ன போர்டு. அதற்கான லினக்ஸ் டிரைவரை அவரே எழுதியிருந்தார். வீட்டு மேசையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய டிரைவர் அது.

தொலைநோக்கி ஒரே இடத்தில் நிற்காது, கண்ணு. நட்சத்திரத்தின் பின்னாலேயே மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும். திரும்பத் திரும்பக் கேபிள் இறுகும். நள்ளிரவுக்கு மேல் அது போர்டிலிருந்து கழன்றது. அவ்வளவுதான். ஸ்க்ரீன் அசையவில்லை. மவுஸ் நகரவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மறுபடி திறந்தால், கடைசியாக எடுத்த படங்களுக்குப் பெயர் இருக்கிறது. ஃபைலின் அளவு பூஜ்யம்!

போனது ஒரு போர்டு. விழுந்தது முழுக் கணினி. ஏன்?

டிரைவர் ஓடுவது இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள்ளே. சாதாரண புரோகிராம் தப்புச் செய்தால் கர்னல் அதை மட்டும் நிறுத்திவிடும். கர்னலே தப்புச் செய்தால் அதைப் பிடித்து நிறுத்த அதற்கு மேலே யாருமில்லை. 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே! அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர் தன் எல்லைக்கு வெளியே இருந்த மெமரியைப் படித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அங்கே யாரும் எந்தக் கேபிளையும் பிடுங்கவில்லை. ஆனால் கர்னலுக்குள் ஒரு தப்பு எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த மாணவருடைய டிரைவர் செய்தது இதுதான். போர்டு போய்விட்டது என்று கர்னல் சொன்ன உடனே, அதற்காக ஒதுக்கிய மெமரியை விடுவித்துவிட்டது. நல்ல பிள்ளை செய்கிற காரியம்தான். ஆனால் படம் எடுக்கும் புரோகிராம் அந்தக் கருவியை இன்னும் திறந்தே வைத்திருந்தது. அடுத்த நொடி, "சக்கரத்தைத் திருப்பு" என்று கேட்டது. டிரைவர் பழைய முகவரிக்கே போனது. காலி செய்த வீட்டைப் பழைய சாவி போட்டுத் திறப்பது மாதிரி. உள்ளே இப்போது வேறு குடித்தனம்.

கேளுங்கள், இதைவிடப் பயமான விஷயம் உண்டு. பல தடவை கணினி விழாது! விடுவித்த மெமரியை இன்னும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் எல்லாம் சரியாக நடப்பது போலவே இருக்கும். எடுத்துக்கொண்டிருந்தால், நம் டிரைவர் வேறு யாருடைய தரவின் மேலோ எழுதிவிட்டுப் பேசாமல் வந்துவிடும். சேதம் தெரியவருவது எப்போதோ, வேறெங்கோ. கழற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அந்த மாணவர் போன அதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடக்கும் நேரம். வானியலாளர்கள் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விண்மீனின் ஒளி எதிர்பாராமல் சில நொடி மங்கியது. பதிவாகிவிட்டது! புதுத் துணைக்கோளாக இருக்கும் என்றுதான் முதலில் எண்ணினார்கள். வேறு இடங்களில் எடுத்த பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அது யுரேனஸின் வளையம் என்று தெரிந்தது. அந்தச் சில நொடியில் பதிவுக் கருவி நின்றிருந்தால் யாரிடம் போய் மறுபடி கேட்பது? இன்றைக்கு உங்கள் பதிவுக் கருவி ஒரு லேப்டாப்பும் ஒரு யூஎஸ்பி கேபிளும்.

கை பிடுங்கினால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். பேட்டரி இறங்கி ஹப்புக்கு மின்சாரம் குறைந்தால் போதும். பனியில் கனெக்டர் நனைந்தால் போதும். பக்கத்தில் இடி விழுந்தால் போதும். லேப்டாப் தூங்கி எழுந்தாலும் சில கருவிகள் கழன்று மாட்டியதாகவே கர்னலுக்குத் தெரியும்.

இந்த அறிகுறிகளைப் பார்த்தால் உஷார்!

கருவியைக் கழற்றி மாட்டினால் டிடிஒய்யூஎஸ்பி0 என்றிருந்தது டிடிஒய்யூஎஸ்பி1 ஆகிறதா? எரிச்சல்பட்டு எண்ணை மாற்றிக்கொண்டு போய்விடாதீர்கள். போன கருவியை இன்னும் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

'கில் மைனஸ் 9' கொடுத்தும் புரோகிராம் சாகவில்லையா? புரோகிராம் பட்டியலில் நிலை என்ற இடத்தில் 'D' என்று நிற்கிறதா? இனி வரவே வராத பதிலுக்காக டிரைவர் கர்னலுக்குள் காத்துக்கிடக்கிறது.

கர்னல் லாகில் 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ', அதாவது விடுவித்த மெமரியைத் தொட்டது, என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தாலும் அன்றைய வேலையை நிறுத்துங்கள். ஒரே ஒரு முறை வந்தாலும்!

பிசிஐஇ கருவி என்றால் இன்னொரு கண்ணி. கருவி போன பிறகு அதைப் படித்தால் பொதுவாக எல்லா பிட்டும் 1 ஆகவே வரும். ஒரு பிட் 0 ஆகும்வரை சுற்று என்று எழுதியிருந்தால் அது முடிவில்லாமல் சுற்றும். காத்திருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் நேர வரம்பு வையுங்கள்.

சரி, என்னதான் செய்வது? கருவி கழல்வதை விண்டோஸ் இரண்டு கட்டமாகப் பிரிக்கிறது. கருவி திடீரென்று போய்விட்டது என்ற செய்தி முதலில் வரும். திறந்து வைத்தவர்கள் எல்லோரும் மூடிய பிறகே, அகற்று என்ற செய்தி வரும். லினக்ஸில் இந்தப் பிரிவை நீங்கள்தான் எழுத வேண்டும். டிஸ்கனெக்ட் வந்ததும் லாக்கைப் பிடித்து, கருவி போய்விட்டது என்று குறித்துவையுங்கள். புதிதாகக் கேட்பவருக்குப் பிழை எண்ணைத் திருப்பிக் கொடுங்கள். காத்திருப்பவரை எழுப்பிவிடுங்கள். பாதியில் நிற்கும் யூஆர்பி என்ற யூஎஸ்பி கோரிக்கை, டைமர், பின்னணி வேலை அத்தனையையும் நிறுத்துங்கள். மெமரியை மட்டும் தொடாதீர்கள்! அதை விடுவிப்பது கடைசி ஆள் ஃபைலை மூடிய பிறகு. அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளத்தான் கேரெஃப் இருக்கிறது. டெவ்எம் வகையில், அதாவது தானாக விடுபடும் வகையில், வாங்கிய மெமரி, யார் திறந்து வைத்திருந்தாலும் டிரைவர் பிரிந்ததும் போய்விடும். எல்லாம் தானாக நடக்கும் என்று அதை நம்பி எத்தனையோ டிரைவர்கள் மாட்டியிருக்கின்றன.

டிரைவர் எழுதாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து பென் டிரைவுக்கு விரைவாகக் கழற்றும் முறையே இயல்பாக அமைந்திருக்கிறது. அந்தத் தைரியத்தை லினக்ஸில் காட்டாதீர்கள். காப்பி முடிந்தது என்று காட்டிய பிறகும் தரவு மெமரியிலேயே சற்று நேரம் காத்திருக்கலாம். மாணவரின் படங்கள் பூஜ்யமானதும் இப்படித்தான். ஈஜெக்ட் கொடுங்கள். முடிந்தது என்று சொல்லும்வரை கை வைக்காதீர்கள்.

டிரைவர் எழுதுபவர்கள் மலைக்கு வண்டி ஏறும் முன், வீட்டிலேயே மெமரித் தப்புகளைப் பிடிக்கும் கேசான் போட்ட கர்னலில் கணினியைத் தொடங்குங்கள். முக்கியமான ஃபைல் எதுவும் அந்தக் கணினியில் இருக்க வேண்டாம். கருவியைத் திறந்து படித்துக்கொண்டிருக்கும்போதே கேபிளை உருவுங்கள். எழுதும்போது உருவுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும்போது உருவுங்கள். உருவிய பிறகு புரோகிராமை மூடாமல் இன்னொரு கட்டளை கொடுங்கள். பிறகு மாட்டி, எண் மாறுகிறதா என்று பாருங்கள். கேபிளைத் தொலைநோக்கியின் உடம்போடு சேர்த்துத் தளர்வாகக் கட்டிவிட்டு, அது முழுதும் திரும்பும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.