ஹை ஹீல்ஸ் போட்ட யானை

"தாய்லாந்துக்கு டூர் போகிறோம். சவாரி செய்தால் யானையின் முதுகெலும்பு ஒடிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நிஜமா?" என்று திருப்பூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒடியாதும்மா. மூன்று டன் உடம்பு இரண்டு பேர் ஏறியதற்கெல்லாம் ஒடியாது. ஆனால் யானையின் முதுகுத்தண்டில் எலும்பு முனைகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இருக்கையின் சட்டமும் கயிறும் தினமும் அங்கே உராய்ந்தால் புண் வரும். அது நிஜம். இருந்தாலும் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது முதுகை அல்ல, காலை.

எக்ஸ்ரேயில் பார்த்தால் யானை ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறது! தூண் போன்ற அந்தக் காலுக்குள் விரல் எலும்புகள் முன்பக்கம் ஊன்றியிருக்க, குதிகால் எலும்பு உயரே நிற்கும். இடைவெளியை நிரப்புவது கொழுப்பு மெத்தை. அதை நார்த்திசு சிறுசிறு அறைகளாகத் தடுத்திருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தைக்கு நடுநடுவே தையல் போடுவோமே, பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காமலிருக்க, அதே வேலைதான். ஊன்றினால் பாதம் அகலும், தூக்கினால் சுருங்கும். அதனால்தான் சேற்றிலிருந்து காலை லேசாக உருவிக்கொள்கிறது. நம் வீட்டு மெத்தைக்கும் இப்படிச் சுருங்கத் தெரிந்திருந்தால் மாடிப்படித் திருப்பத்தில் நாலு பேர் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டியிருக்காது.

வரலாறு இல்லாமல் விடமாட்டீர்கள். 1706-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ அருகே செத்த யானையை அறுத்துப் பார்த்த பேட்ரிக் பிளேர், அதற்கு ஆறாவது விரல் உண்டு என்றார். 2011-ல் ஜான் ஹட்சின்சனின் ஆய்வுக் குழு, அது விரல் அல்ல, மெத்தைக்கு முட்டுக்கொடுக்கும் எலும்பு என்று காட்டியது. பத்திரிகைகளுக்கு மட்டும் அது இன்னமும் ஆறாவது விரல்தான்.

காட்டு யானைக்கு நடந்து நடந்தே நகமும் உள்ளங்காலும் தேயும்; வளர்வதற்கும் தேய்வதற்கும் கணக்கு சரியாகிவிடும். சங்கிலியோடு கான்கிரீட்டில் நிற்கிற யானைக்குத் தேய வழியில்லை. நகம் வெடிக்கும். மூத்திர ஈரத்தில் உள்ளங்கால் ஊறும். வெடிப்பில் சீழ் வைக்கும். அதற்காகக் காலை நீட்டிப் படுத்து ஓய்வெடுக்கவா முடியும்? அந்தக் காலில்தான் மறுபடி எடையை இறக்க வேண்டும். மனிதர் வளர்க்கும் யானைகளின் சாவுக்குக் காலில் வரும் நோய் ஒரு பெரிய காரணம்.

தாய்லாந்து 1989-ல் காட்டு மரம் வெட்டத் தடை போட்டது. மரம் இழுக்கும் வேலை போன யானையும் பாகனும் சுற்றுலாவுக்கு வந்தார்கள். இப்போது சவாரி கெட்ட பெயர் எடுத்துவிட்டதால் பல முகாம்களின் வாசலில் 'சரணாலயம்' என்று போர்டு தொங்குகிறது. போர்டு எழுத பெயிண்ட் போதும். சவாரியும் இல்லாமல், நடையும் இல்லாமல், நாளெல்லாம் சுற்றுலாப் பயணிகள் ஊட்டும் வாழைப்பழத்தையும் கரும்பையும் தின்றால் யானை கொழுக்கும்; அந்த எடையும் அதே மெத்தைக்குத்தான் போகிறது.

எனவே பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: ராத்திரி எங்கே கட்டுவீர்கள்? அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். மண்ணா, சிமெண்டா, சங்கிலி எத்தனை அடி என்று பாருங்கள். அப்படியே குனிந்து நகங்களையும் பார்த்துவிடுங்கள். நகத்தின் மேல்விளிம்பில் புழுதி ஈரமாக ஒட்டியிருந்தால் பதற வேண்டாம். யானைக்கு வியர்ப்பது அங்கே மட்டும்தான்.