பத்தசைக்குள் ஒரு போர்க்களம்

1389-ஆம் ஆண்டு சூன் திங்களில், கொசோவோ வெளியில் செர்பிய இளவரசர் இலாசரின் படையும் உதுமானியப் பேரரசர் முராத்தின் படையும் பொருதன. தலைவர் இருவரும் அன்றே மாண்டனர். அந்நாள் குறித்து நம்பத்தக்க எழுத்துச் சான்று இதற்குமேல் மிகக் குறைவு. ஆயினும் நானூறு ஆண்டுகளுக்குப் பின் ஊக் கராசிச்சு என்னும் அறிஞர் நாட்டார் பாடல்களைத் தொகுக்கப் புகுந்தபோது, களத்தில் யார் எப்படி வீழ்ந்தார், காட்டிக்கொடுத்தவர் யார் என்றெல்லாம் நேரில் கண்டவர்போல் பாடகர்கள் பாடினர். அவர்களுள் கண்பார்வையற்றோரும் இருந்தனர். ஏட்டில் இல்லாத போரை இத்தனை தலைமுறையாக எங்கே வைத்திருந்தனர்?

யாப்பில் வைத்திருந்தனர் என்பது விடையின் ஒரு பாதி. அப்பாடல்களில் அடிக்குப் பத்து அசை. நான்காம் அசை முடிந்ததும் ஒரு சிறு நிறுத்தம். துணைக்குக் குசுலே என்னும் ஒற்றை நரம்பு யாழ். குதிரைமயிரே நரம்பு, வில்லால் இழைத்து இசைப்பர். நான்கசை இடத்துக்குப் பொருந்தும் பெயர்கள் சில, ஆறசை இடத்துக்குப் பொருந்தும் அடைமொழிகள் சில. பாடகனின் நினைவு சொற்கடல் முழுவதையும் துழாவ வேண்டியதில்லை. அளவே தேடலைக் குறுக்கிவிடுகிறது. மெட்டின் பங்கை 1994-இல் வான்டா வாலசு என்னும் உளவியலார் ஆய்ந்து காட்டினார். ஒரே மெட்டு கண்ணிதோறும் திரும்பி வந்தால், பேச்சாகக் கேட்டதைவிடப் பாட்டாகக் கேட்டது நன்கு நினைவில் நிற்கிறது. ஒரு கண்ணியோடு நிறுத்திக்கொண்டால் அந்த நன்மை இல்லை. காப்பது இனிமையன்று, திரும்ப வருதல்.

அப்படியாயின் பாடல் மாறாமல் வருகிறதா? இதை அளந்து பார்த்தவர் ஆர்வர்டு பல்கலைக்கழகத்து மில்மன் பாரி. 1930-களின் நடுவில் மாணவர் ஆல்பர்ட் லார்டுடன் யூகோசுலாவிய ஊர்களுக்குப் பதிவுக் கருவியைச் சுமந்து சென்றார். அலுமினியத் தட்டு ஒன்று சில நிமையத்தில் நிறைந்துவிடும். ஆதலால் இரு சுழல்மேடைகளை மாற்றி மாற்றி ஓட்டி, பாட்டு அறாமல் பதிந்தார். சொல்லுக்குச் சொல் மாறாமல் பாடுவதாகப் பாடகர்கள் உறுதி கூறினர். தட்டுகள் வேறு கூறின.

பீயெலோ போல்யே ஊரில் அவ்தோ மெசெதோவிச் என்றொருவர். இறைச்சி விற்றவர், எழுத்தறியாதவர். அவர் அதுவரை கேட்டிராத ஒரு கதையை மூமின் என்ற பாடகரைப் பாடச் செய்தார் பாரி. 2,294 அடி. முடிந்ததும் உன்னால் பாட இயலுமா எனக் கேட்டார். நன்றாகவே பாடினார், நான் இன்னும் நன்றாகப் பாடுவேன் என்றார் அவ்தோ. பாடினார், 6,313 அடி! கதைப்போக்கு அதுவே. அணிகலனும் குதிரையும், மாந்தரின் மனக்கலக்கமும் புதிதாய் வந்து சேர்ந்தன. நினைவில் கிடந்தது பாட்டன்று, பாட்டுக் கட்டும் முறை என்பதைப் பாரி உணர்ந்தது இத்தகைய சான்றுகளால்தான். (இவ்வழியைச் சங்கப் பாடல்கள்மேல் பொருத்திப் பார்த்தவர் ஈழத்துக் கைலாசபதி, அவருடைய நூல் 1968-இல் வெளிவந்தது. அதன் முடிபுகளை ஏற்பார் உளர், மறுப்பாரும் உளர்.)

கட்டும் முறையே எஞ்சுமெனில், அதில் பொருந்தாதது உதிரும். மார்க்கோ என்னும் செர்பியச் சிற்றரசர் உதுமானியருக்குத் திறை செலுத்தியவர். 1395-இல் அவர்கள் பக்கம் நின்று போரிட்டே மடிந்தார். பாடலிலோ துருக்கரை எதிர்க்கும் பெருவீரர் அவர்தாம். இரண்டகன் எனப் பாடல்கள் பழிக்கும் ஊக் பிராங்கோவிச்சு மெய்யாகவே காட்டிக்கொடுத்தார் என்பதற்குச் சமகாலச் சான்றில்லை. போருக்குப் பின்னும் சில ஆண்டுகள் உதுமானியருக்குப் பணியாமல் நின்றவர் அவர். தோல்விக்கு ஒரு காட்டிக்கொடுத்தவன் வேண்டும் என்பது கதையின் பசி. என்னைக் கேட்டால், இப்பாடல்கள் போரின் நாட்குறிப்பல்ல. தோற்ற மக்களின் உள்ளம் எதைத் தாங்கிற்று, எதைத் தாங்கவில்லை என்பதன் பதிவு. அவ்வகையில் அவை பொய் சொல்லவில்லை.

1989 சூன் 28 அன்று, போர் நடந்து 600 ஆண்டு நிறைந்த நாளில், அன்றைய செர்பியத் தலைவர் சுலோபதான் மிலோசெவிச் அதே வெளியில் பெருந்திரளின் முன் பேசினார். கொசோவோப் போரில் எது வரலாறு, எது கதை எனப் பிரிப்பது இன்று கடினம் என்றவர், அது இனி முதன்மையும் அன்று என்று சொல்லி மேலே சென்றார்.